அழிக்காமல் திருத்துவது

ஒரு காரின் பிரேக் மென்பொருள், காருக்குள் போவதற்கு முன் பல மாதிரிகளில் வரையப்படுகிறது. அமைப்புப் பொறியாளர்கள் சிஸ்எம்எல் என்ற வரைமொழியில் வரைவார்கள். மென்பொருள் குழுவோ, கார் நிறுவனங்கள் கூடி 2003-இல் தொடங்கிய ஆட்டோசார் தரத்தின்படி அதே அமைப்பை வேறொரு மாதிரியாக வைத்திருக்கும். முதல் மாதிரியில் ‘வேகம்’ என்ற கூறை ஒருவர் ‘சக்கர வேகம்’ என்று மாற்றினால், இரண்டாவதிலும் அது மாற வேண்டும். பெரிய மாதிரிகளில் இதைக் கையால் செய்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆக்கித் தரும் நிரல் ஒன்றை எழுதிவைக்கிறார்கள். அந்த நிரல் மாறிய இடத்தை மட்டுமே தொட வேண்டும் என்பது என் கட்சி.

கணினிதான் வேகமாயிற்றே, ஒவ்வொரு முறையும் முழுவதையும் புதிதாக ஆக்கினால் என்ன என்று கேட்கலாம். மாதிரி பெரிதாகப் பெரிதாகக் காத்திருக்கும் நேரமும் கூடும் என்பது உண்மை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆட்டோசார் மாதிரியில் இருப்பதெல்லாம் சிஸ்எம்எல்லிலிருந்து வந்ததல்ல. ‘வேகம்’ எந்தக் கட்டுப்பாட்டுக் கணினியில் ஓட வேண்டும், எத்தனை மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பொறியாளர் அங்கேயே யோசித்துச் சேர்த்திருப்பார். பெயர் மாறியதற்காக எல்லாவற்றையும் மறுபடி ஆக்கினால் பழைய கூறு போய், வேறு அடையாளத்தோடு புதியது வந்து உட்காரும். பழையதைச் சுட்டிய குறிப்புகள் அந்தரத்தில் தொங்கும். ஒரு சொல்லைத் திருத்தப்போய் அந்தப் பொறியாளரின் உழைப்பே அழிந்துவிடும்.

இதற்கான வழியை ஆண்டி ஷூர் 1994-இல் ‘மும்மை வரைபட இலக்கணம்’ என்ற முறையாக முன்வைத்தார். இரண்டு மாதிரிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வரைபடம் இருக்கும். இந்தக் கூறுக்கு அந்தக் கூறு இணை என்ற உறவு மட்டுமே அதில் பதிவாகும். பெயர் மாறியதும் நிரல் அந்த உறவைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய்ப் பெயரை மட்டும் திருத்தும். மில்லிவிநாடிக் கணக்கு அப்படியே இருக்கும். போட்ஸ்டாமின் ஹாஸோ பிளாட்னர் கழகத்தில் ஹோல்கர் கீஸேயின் குழு, சிஸ்எம்எல்லையும் ஆட்டோசாரையும் இந்த முறையில் இணைத்து 2010-இல் ஆய்வு வெளியிட்டது.

ஒட்டுமேல் ஒட்டுப் போட்டால் பிழை சேராதா என்பது நியாயமான தடை. நிரலில் குறை இருந்தால் சேரத்தான் செய்யும். ஆனால் இடத்தை மட்டும் திருத்துவதற்கும் முழுவதையும் ஆக்குவதற்கும் இலக்கண விதிகள் ஒன்றே என்பதால், அதே விதிகளால் தனியாக ஒரு முழுப் பிரதியை ஆக்கிப் பெயர், இணைப்பு போன்ற பொதுப் பகுதிகளை ஒப்பிடலாம். வேறுபட்ட இடம் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். நடு வரைபடத்தைக் காப்பதற்குக் கூடுதல் நினைவகம் ஆகும், அது கொடுக்கத்தக்க விலைதான். உண்மையிலேயே கடினமான இடம் வேறு: ஒரே கூறின் பெயரை இரு குழுக்களும் ஒரே நாளில் இரு விதமாக மாற்றியிருந்தால், எது சரி என்பதற்கு எந்த விதியிலும் விடை கிடையாது. நல்ல கருவி அங்கே தானாக எதையும் முடிவு செய்யாமல், இரண்டு பெயர்களையும் எடுத்துக்காட்டி, இருவரும் பேசி முடிக்கும்வரை நிற்க வேண்டும்.