பழைய மகிழுந்தை மாற்றும் வேளை

பேருந்து அடிக்கடி வராத தோட்டப்புறங்களிலும் சிறுபட்டணங்களிலும் மகிழுந்து ஆடம்பரப் பொருளன்று. பெற்றோர் வேலைக்குச் செல்லவும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் அதுவே துணை. அது வழியில் நின்றுவிட்டால் அன்றைய சம்பளமும் போய்விடலாம். சேமிப்பு குறைவாக உள்ள குடும்பம், பழுதடைந்த மகிழுந்தை எப்போது, எவ்வாறு மாற்றுவது?

முதலில் பழுதின் தன்மையை அறிய வேண்டும். டயர், பேட்டரி, பிரேக் கட்டை ஆகியவை எந்த மகிழுந்திலும் தேயக்கூடியவை. அவற்றை மாற்ற நேர்ந்ததற்காகவே மகிழுந்தை மாற்ற வேண்டியதில்லை. இயந்திரமோ கியர்ப்பெட்டியோ பழுதானால் செலவு மிகுதியாகும். ஆகவே, பட்டறை ரசீதுகளைச் சேர்த்து வைத்து ஓராண்டுச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அத்தொகை, மகிழுந்தை விற்றால் கிடைக்கும் விலையை நெருங்கினால் மாற்றுவதைப் பற்றிச் சிந்திக்கலாம். அது முற்றாக நின்றுபோகும்வரை காத்திருப்பவர், அவசரத்தில் கிடைத்ததை வாங்க நேரிடும்.

அடுத்து, விலையை மட்டும் பார்த்தால் போதாது. சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல், பராமரிப்பு ஆகிய செலவுகளும் தொடர்ந்து வரும். தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசிக்கு மேற்படாத தனியார் மகிழுந்தின் ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட். 1,401 முதல் 1,600 சிசி வரை அது 90 ரிங்கிட். சிறிய இயந்திரம் பொதுவாகப் பெட்ரோலையும் மிச்சப்படுத்தும். புரோட்டோன், பெரோடுவா போன்ற உள்நாட்டு மகிழுந்துகளின் உதிரிப் பாகங்கள் சிறுபட்டணப் பட்டறைகளிலும் எளிதில் கிடைக்கும். மேலும், பல ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. பழைய மகிழுந்துக்குப் பெற்ற இக்கழிவை, அதே உரிமையாளர் வாங்கும் வேறொரு மகிழுந்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடன் வாங்குவோர் மாதத் தவணை குறைவாக இருப்பதைக் கண்டு மயங்கக்கூடாது. எடுத்துக்காட்டாக, 24,000 ரிங்கிட் கடனுக்கு, முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி எனக் கொள்வோம். ஐந்தாண்டுகளில் செலுத்தினால் மாதத் தவணை 480 ரிங்கிட். மொத்த வட்டி 4,800 ரிங்கிட். ஒன்பது ஆண்டுகளில் செலுத்தினால் தவணை ஏறத்தாழ 302 ரிங்கிட்டாகக் குறையும். ஆனால், வட்டியோ 8,640 ரிங்கிட்டாக உயரும். முன்பணம் கூடினால் கடனும் வட்டியும் குறையும்.

பயன்படுத்திய மகிழுந்தை வாங்குவது செலவைக் குறைக்கும் வழிதான். எனினும், ‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஷா ஆலாம் முதலிய இடங்களில் ஏராளமான வாகனங்கள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வாகனம் வெளியே பளபளப்பாகத் தோன்றினாலும் அதன் மின்கம்பிகள் உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கலாம். இருக்கைக்கு அடியில் துரு, விரிப்பின் கீழ் சேறு, இருக்கைப் பட்டையை முழுமையாக இழுத்தால் தெரியும் கறை, பூஞ்சை வாடை ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். ஓடிய தூரம் மிகக் குறைவாகக் காட்டப்பட்டு, மிதிகட்டையும் இருக்கையும் மிகவும் தேய்ந்திருந்தாலும் ஐயப்பட வேண்டும். விற்பவரைச் சாராத, நம்பிக்கைக்குரிய பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முன்பணம் கொடுப்பது நல்லது.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலைக்கே செலவிட்டுவிடக்கூடாது. பயன்படுத்திய மகிழுந்துக்கு முதல் சில மாதங்களிலேயே டயரோ பேட்டரியோ மாற்ற வேண்டி வரலாம். அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்த பிறகு, மீதமுள்ள பணத்திற்குள் வாங்கக்கூடியதே அக்குடும்பத்திற்கு ஏற்ற மகிழுந்து. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.