ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் ரிப்போர்ட் கசிந்துவிட்டதா? கையில் இருக்கும் சட்ட வழிகள்!

சர்க்கரை எவ்வளவு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, தூக்கம் வராமல் எந்த டாக்டரைப் பார்த்தோம்... இதையெல்லாம் கூடப்பிறந்த அக்காவிடம்கூட சில பேர் சொல்லமாட்டார்கள். ஆனால், ஆஸ்பத்திரி கவுண்டரில் ஃபாரத்தை நீட்டினால் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கொடுத்துத்தான் ஆகவேண்டும். நோயை மறைத்தால் வைத்தியம் நடக்காதே!

அந்தக் காலத்தில் இந்தக் காகிதங்கள் ரெக்கார்டு ரூமில் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும். திருடன் வந்தாலும் ஒரு மூட்டையைத்தான் தூக்க முடியும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். பூட்டு சரியில்லையென்றால் ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான பேருடைய விவரம் வெளியே போய்விடும்.

கற்பனை இல்லை இது. 2022 நவம்பர் 23-ம் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை யாரோ முடக்கிவிட்டார்கள். ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் கையால் எழுதித்தான் ஓட்டினார்கள். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தன. 3 கோடிப் பேருக்கு மேல் தன்னிடம் இருப்பதாக அந்த ஆசாமி பெருமையடித்துக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகவேண்டி வந்தது.

"நம்ம பிளட் டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு எவன் என்ன பண்ணப்போறான்?"

இப்படித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா, போன மாசம் உங்க வீட்டுக்காரருக்கு பித்தப்பை ஆபரேஷன் ஆச்சு இல்லையா? இன்ஷூரன்ஸ்ல 18 ஆயிரம் ரூபாய் திரும்ப வரவேண்டியிருக்கு. ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறான். பெயர், ஆபரேஷன், தேதி எல்லாம் சரியாக இருக்கும்போது சந்தேகம் வருமா? நம்பரைச் சொன்ன மறுநிமிஷம் பேங்க் கணக்கு காலி! பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் பழைய மனநல சிகிச்சை விவரத்தைக் காட்டிப் பணம் பறிக்கவும் முடியும். கிரெடிட் கார்டு நம்பர் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். நமக்கு வந்த நோயை மாற்ற முடியுமா?

முதல் நாளே செய்யவேண்டியவை

பணம் போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பேங்குக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சாட்சியம். வந்த மெசேஜ், போன் எண், தேதி, நேரம் எதையும் அழித்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தின் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். நகல் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளே சொல்கின்றன.

மூன்றாவதாக, ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். "என் விவரம் கசிந்ததா? எவையெவை? எப்போது? என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்ற நான்கு கேள்விகள் போதும். சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கவுண்டரில் வாயால் சண்டை போட்டால் சாட்சி மிஞ்சாது.

எங்கே போய்க் கேட்பது?

1. நுகர்வோர் ஆணையம்: நடுத்தரக் குடும்பத்துக்குக் கைக்கெட்டும் வழி இதுதான். காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. நுகர்வோர் நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டப்படி அல்லாமல் அடுத்தவருக்குத் தருவது "நியாயமற்ற வணிக நடைமுறை" என்று 2019-ம் ஆண்டு சட்டம் பச்சையாகவே சொல்கிறது. பாதுகாப்பில் கோட்டைவிட்டிருந்தால் அதைச் "சேவைக் குறைபாடு" என்று வாதாடலாம்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மன உளைச்சலுக்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் 2 வருடத்துக்குள் போகவேண்டும். சந்தேகம் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள்.

2. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஏ பிரிவு: நோய் விவரம், மருத்துவ ஆவணம் போன்றவற்றைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நிறுவனம் தகுந்த பாதுகாப்புச் செய்யாமல் அலட்சியமாக இருந்து, அதனால் உங்களுக்கு நஷ்டம் வந்தால் ஈடு கட்டவேண்டும். இந்த வழக்குக்குக் கோர்ட் ஏறவேண்டாம். மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். தமிழ்நாட்டில் இப்படி நடந்தும் இருக்கிறது. இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஒரு தனியார் வங்கிக்கு 2010-ல் உத்தரவு வந்தது. அது பேங்க் விவகாரம்தான். ஆனாலும் இந்த அதிகாரியிடம் சாதாரண மனிதரும் ஜெயிக்கலாம் என்று காட்டியது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. "விவரம் கசிந்தது" என்று மட்டும் சொன்னால் போதாது. அலட்சியம் எங்கே, நஷ்டம் எவ்வளவு என்று காட்டவேண்டும். அதற்குத்தான் அந்த ஃபைல்!

3. போலீஸ்: ஊழியரே காசுக்கு விவரத்தை விற்றாரா? ஒப்பந்தத்தை மீறி, தீங்கு வரும் என்று தெரிந்தே சொந்த விவரத்தை வெளியிட்டால் 72ஏ பிரிவின்படி 25 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; முன்பு இருந்த சிறைத் தண்டனை 2023-ம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மிரட்டிப் பணம் கேட்டாலும் பயந்து கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறையும் கேட்பான். நேரே சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்கள்.

4. மருத்துவ கவுன்சில்: டாக்டரே வாய் விட்டிருந்தால், மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். தொழில்முறையில் தெரிந்துகொண்ட ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. கோர்ட் உத்தரவு, மற்றவருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

5. உயர் நீதிமன்றம்: அரசு ஆஸ்பத்திரி என்றால் கதை வேறு. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் ஆணையம் போக முடியாது. 43ஏ பிரிவும் தொழில் நடத்தும் நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறது. ஆனால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்திருக்கிறார்கள். அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கவலையா? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

சில நோய்களுக்குக் கூடுதல் கவசம்

எச்.ஐ.வி. பாதித்தவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்று 2017-ம் ஆண்டுத் தனிச் சட்டமே இருக்கிறது. மனநல சிகிச்சை பெறுவோருக்கும் 2017-ம் ஆண்டுச் சட்டம் ரகசிய உரிமை தருகிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் டாக்டர் சொன்னால், ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 2021 திருத்தத்தில் வந்த பாதுகாப்பு இது.

புதுச் சட்டம் என்ன தருகிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நோயாளிக்கு முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே மாதம். அதன்படி விவரம் கசிந்தால் தாமதமில்லாமல் உங்களுக்கே தெரிவிக்கவேண்டும். என்ன கசிந்தது, என்ன கெடுதல் வரலாம், நீங்கள் என்ன ஜாக்கிரதை செய்யவேண்டும் என்றெல்லாம் புரியும்படி சொல்லவேண்டும். முதலில் ஆஸ்பத்திரியிடம் முறையிட்டு, அங்கே தீரவில்லையென்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம்.

பாதுகாப்பில் அலட்சியம் காட்டினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும். உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதோடு, அந்தப் பிரிவுகள் அமலுக்கு வரும் அன்றே பழைய 43ஏ பிரிவும் நீங்கும் என்று ஏற்பாடு. அதனால் கசிவு நடந்த தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும். 43ஏ போனபிறகு நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தைத்தான் பெரிதும் நம்பவேண்டியிருக்கும்.

வருமுன் காக்க...

* லேப் கவுண்டரில் ஆதார் நகல் கேட்டால், "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேவையில்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

* ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். நாமே பரப்பிவிட்டு ஆஸ்பத்திரியைக் குறை சொன்னால் வழக்கு நிற்காது.

* பழைய ரிப்போர்ட்டுகளை அப்படியே பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். கிழித்துப் போடுங்கள்.

* ஆஸ்பத்திரி பெயர் சொல்லி யார் ரகசிய எண் கேட்டாலும் போனை வைத்துவிட்டு, பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

வீட்டில் வயதான அப்பா அம்மா இருந்தால், இந்தக் கடைசி விஷயத்தை இன்றைக்கே சொல்லிவையுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, போன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.