புழல் தண்ணி எங்கே போகுது பாஸ்?

காலையில் பல் விளக்கக் குழாயைத் திறக்கிறீங்களே... அது புழல் ஏரித் தண்ணீராக இருக்கலாம். சரி, மழையில் ஏரி நிரம்பி வழிஞ்சா? உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியா எண்ணூர் கழிமுகத்துக்குத்தான் போகும்!

அங்கே இருக்கும் அலையாத்திக் காடும் சேறும் 'வேஸ்ட்' நிலம் இல்லீங்க. வெள்ளத்தை வாங்கிக்கிற இடம். இறால், நண்டுக் குஞ்சுகளுக்குத் தொட்டில். ஆனா, அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் அதை மேடாக்கிடுச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்தது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுப்பு. மீனவர் வலையெல்லாம் பிசுபிசுப்பு.

கழிமுகம் அடைஞ்சா, வெள்ளம் வந்து நிக்கப்போறது நம்ம தெருவுலதான். இந்த ஞாயிறு மெரினாவுக்குப் பதிலா எண்ணூருக்கு வண்டியை விடுங்க. தண்ணியைப் பாருங்க. அப்புறம் கேன்டீன்ல பேசலாம்!