300 ஆண்டு சேதியே இல்லை! உறவைத் தேடிக் கடல் கடந்த பாதிரியார்

பனிக்கட்டிகள் மிதக்கும் கடலில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு பாதிரியார். அவருடன் அவர் மனைவி, நான்கு பிள்ளைகள்.

300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சேதியும் இல்லாமல் போன தங்கள் இனத்தாரைத் தேடி அவர்கள் புறப்பட்டிருந்தார்கள்!

அது 1721-ம் ஆண்டு. பாதிரியாரின் பெயர் ஹான்ஸ் எகெடே. நார்வே நாட்டுக்காரர். அவர் போன இடம் கிரீன்லாந்து.

"பச்சை நாடு"

கிரீன்லாந்து என்றால் "பச்சை நாடு" என்று அர்த்தம். ஆனால் அங்கே பெரும்பகுதி பனிக்கட்டிதான். பிறகு ஏன் இந்தப் பெயர்?

பெயர் வைத்தவன் எரிக். கொலைக் குற்றத்துக்காக ஐஸ்லாந்திலிருந்து மூன்று ஆண்டு நாடு கடத்தப்பட்டவன். மேற்கே போனான், புது நாட்டைச் சுற்றிப் பார்த்தான். நல்ல பெயர் வைத்தால் ஜனங்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டான். மனை விற்பவர்கள் இன்றும் செய்கிற வேலைதான்!

ஜனங்கள் நம்பினார்கள். சுமார் 985-ம் ஆண்டில் 25 கப்பல்கள் புறப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 14 மட்டுமே.

போனவர்கள் ஆடு மாடு வளர்த்தார்கள். கல்லால் தேவாலயங்கள் கட்டினார்கள். வால்ரஸ் என்னும் கடல் விலங்கின் தந்தங்களை ஐரோப்பாவுக்கு விற்றார்கள். இரும்பும் நல்ல மரமும் வேண்டுமென்றால் கப்பல் வந்தாக வேண்டும்.

கப்பல் வருவது குறைந்தது. 1349-ல் நார்வேயில் கொள்ளைநோய் பரவி, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். குளிரும் வரவரக் கடுமையாயிற்று.

1408-ல் ஹ்வால்சே என்ற இடத்துத் தேவாலயத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. மணமக்கள் பிறகு ஐஸ்லாந்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் கல்யாணச் சேதிதான் கடைசி. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

உயிரோடு இருந்தால்?

எகெடேயின் மனதை ஒரே கேள்வி அரித்தது. "அவர்கள் இன்னும் அங்கே இருந்தால்?"

இருந்தால், கொலம்பஸ் அமெரிக்கா போனது அவர்களுக்குத் தெரியாது. புத்தகம் அச்சடிக்கும் யந்திரம் வந்தது தெரியாது. நார்வே கத்தோலிக்க மதத்தை விட்டு லூதரன் சபைக்கு மாறியதும் தெரியாது. 1408-ல் நின்ற கடிகாரம் போல ஓர் ஊர்!

மனைவி கெர்ட்ரூட் முதலில் சம்மதிக்கவில்லை. குழந்தைகளை வைத்துக்கொண்டு பனிக்கடலுக்குப் போவதா? பிறகு மனம் மாறினாள். கணவர் தயங்கியபோது அவளே தைரியம் சொன்னாள்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் ஆதரவு கொடுத்தார். 1706-ல் நம் தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு வந்தாரே, அவரை அனுப்பியதும் இதே மன்னர்தான்.

யாரைக் கண்டார்?

கரையில் மனிதர்கள் இருந்தார்கள். ஆனால் எகெடே தேடியவர்கள் அல்ல. சீல் தோல் உடுத்திய இனூயிட் மக்கள். முன்பு எஸ்கிமோக்கள் என்று அழைக்கப்பட்டவர்கள்.

1723-ல் எகெடே தெற்கே போனார். ஹ்வால்சே தேவாலயத்தின் கற்சுவர்களைக் கண்டார். கல்யாணம் நடந்த அதே தேவாலயம்! உள்ளே ஆள் இல்லை, கூரையும் இல்லை.

அப்போதும் அவர் நம்பிக்கை இழக்கவில்லை. பழைய ஏடுகள் "கிழக்குக் குடியிருப்பு" என்கின்றனவே, அது கிழக்குக் கரையில் இருக்கும் என்று நினைத்தார். உண்மையில் அது தென்மேற்கில் இருந்தது. தேடி வந்த ஊரிலேயே நின்றுகொண்டு, ஊர் வேறெங்கோ இருக்கிறது என்று நம்பினார், பாவம்!

எகெடே திரும்பிப் போகவில்லை. இனூயிட் மக்களின் மொழியைக் கற்று அவர்களோடு வாழ்ந்தார். 1733-ல் டென்மார்க் போய்த் திரும்பியவர் மூலம் பெரியம்மை வந்தது. இனூயிட் மக்கள் ஏராளமாக மாண்டார்கள். கெர்ட்ரூட் நோயாளிகளைத் தன் வீட்டில் வைத்துப் பணிவிடை செய்தாள். உடல் நலிந்து 1735-ல் இறந்தாள். மறு ஆண்டு, மனைவியின் உடலோடு எகெடே டென்மார்க் திரும்பினார்.

மண்ணுக்குள் கிடைத்தவை

1884-ல் குஸ்தாவ் ஹோல்ம் என்பவர் கிழக்குக் கரைக்குப் போனார். அங்கேயும் இனூயிட் மக்கள்தான்.

பழைய குடியேறிகள் என்ன ஆனார்கள்? கடைசிக் காலத்தில் அவர்கள் சீல் இறைச்சியையே அதிகம் தின்றார்கள் என்று எலும்புகள் காட்டுகின்றன. பலர் கப்பலேறிப் போயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1921-ல் ஹெர்யோல்ஸ்னெஸ் என்ற இடத்துக் கல்லறைகளைத் தோண்டினார்கள். உறைந்த மண்ணில் கம்பளி உடைகள் கெடாமல் இருந்தன. அந்தக் கால ஐரோப்பியர் போட்ட மாதிரியே நீண்ட அங்கிகள். வால் வைத்த முக்காடுகள். அவற்றில் குழந்தைகளின் உடைகளும் இருந்தன.