கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்த பிறகு என்ன? எதை வாங்குவது, எப்படிப் பழக்குவது?

காரோடு (திருவனந்தபுரம் மாவட்டம்): கழக்கூட்டத்தில் தொடங்கும் நான்குவழிப் புறவழிச்சாலை, கேரளத்தின் தென் எல்லையான காரோட்டில் முடிகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தமிழகப் பகுதியான களியக்காவிளை சோதனைச்சாவடியில் 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பயன்படுத்தப்பட்ட துப்பாக்கி, பின்னர் எர்ணாகுளம் பேருந்து நிலையம் அருகே உள்ள கால்வாயிலிருந்து மீட்கப்பட்டது. இத்தகைய துப்பாக்கிகள் செய்தியாகின்றன. முறையான உரிமத்துடன் வாங்கப்படும் கைத்துப்பாக்கி பற்றிய விவரங்களோ அரிதாகவே பொதுவெளிக்கு வருகின்றன.

இந்தியாவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்குபவருக்குத் தேர்வு மிகக் குறைவு. உலகெங்கும் பரவலாகப் புழங்கும் 9 மில்லிமீட்டர் ரகம், படைகளும் காவல்துறையும் பயன்படுத்துவது என்பதால் தனிநபருக்குத் தடை செய்யப்பட்ட பிரிவில் உள்ளது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாதாரண உரிமதாரர் இறக்குமதி செய்யவும் வழியில்லை. எஞ்சுவது பெரும்பாலும் .32 ரகமே.

அதில் ஒரு சிக்கல் உண்டு. உரிமத்தில் ‘.32’ என்று ஒரே எண் எழுதப்பட்டாலும், ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் தோட்டா வேறு. ரிவால்வரின் தோட்டா நீளமானது. அடியில் வெளியே நீட்டிய விளிம்பு கொண்டது. பிஸ்டலின் தோட்டா குட்டையானது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. கடையில் தோட்டா வாங்கும்போது எண்ணை மட்டும் சொன்னால் போதாது. எந்த வகைத் துப்பாக்கி என்பதையும் சொல்ல வேண்டும்.

சிறிய ரகங்களில் முதலில் பெயர் பெற்றது, கான்பூரில் தயாரிக்கப்பட்டு 2014இல் அறிமுகமான ‘நிர்பீக்’ ரிவால்வர். டைட்டானியம் கலவையால் ஆன அதன் எடை சுமார் 500 கிராம். பெண்களின் பாதுகாப்புக்கானது என விளம்பரப்படுத்தப்பட்டாலும், ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய விலை அந்த நோக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. அதே நகரிலிருந்து 2023 ஆகஸ்டில் வெளிவந்த ‘பிரபல்’ ரிவால்வரின் எடை, தோட்டா இல்லாமல் 675 கிராம்; குழல் நீளம் 76 மில்லிமீட்டர். தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே திறக்கும். நடுவே மடித்துத் திறக்கும் பழைய ரகத்தை விட இது கையாள எளிது. பிஸ்டல் விரும்புவோருக்கு அரசுத் தொழிற்சாலைகளின் ‘அஷானி’ உள்ளது.

எடை குறைந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. துப்பாக்கி சிறுத்து எடை குறையும்போது, சுடுகையில் கையில் ஏற்படும் உதைப்பு அதிகமாகத் தெரியும். கைப்பிடியில் விரல்கள் முழுமையாகப் பதிகின்றனவா, விசையை இழுக்கும்போது குழல் அசைகிறதா என்பதை வாங்கும் முன் வெற்றுத் துப்பாக்கியில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பழக்குதல். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கெட்டி மசகை முதலில் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெய் இட வேண்டும். புதிய சுருள்வில்கள் இறுக்கமாக இருக்கும். ஒன்றோடொன்று உராயும் உலோகப் பரப்புகள் இன்னும் வழவழப்பாகியிருக்காது. சிறிய பிஸ்டல்களில் இது கூடுதல் பிரச்சினை. மேல்பகுதி பின்னோக்கி நகரும் தொலைவு குறைவு என்பதால், பிடி சற்றுத் தளர்ந்தாலே வெற்றுத் தோட்டா சரியாக வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். சில நூறு தோட்டாக்கள் சுட்டு, சிக்கல் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே ஒரு பிஸ்டலை நம்ப வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை.

அந்த அறிவுரையை இங்கு அப்படியே பின்பற்ற முடியாது. ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்பதை உரிமமே வரையறுக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் சுட்டுப் பார்க்கவும் முடியாது. பிறர் உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் அலட்சியமாகச் சுடுவதற்கும், கொண்டாட்டத்துக்காகச் சுடுவதற்கும் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்கிறது. எனவே ரைபிள் கிளப் அல்லது அனுமதி பெற்ற பயிற்சித் தளத்தையே நாட வேண்டும். காரோட்டிலிருந்து செல்லக்கூடிய பெரிய தளம், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்குப் பயன்பட்ட திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு தளம். அங்கும் நிர்வாகத்தின் ஒப்புதல் இன்றிச் சுட இயலாது.

இந்தச் சூழலில், முதன்முறை வாங்குபவருக்கு ரிவால்வரே பொருத்தம் எனக் கூறலாம். ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால் மீண்டும் விசையை இழுத்தாலே உருளை அடுத்த தோட்டாவுக்கு நகரும். பயிற்சித் தளமாயின், வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்கின் பக்கமே வைத்துச் சற்றுக் காத்திருக்க வேண்டும். சில பெட்டித் தோட்டாக்களிலேயே ரிவால்வரின் குறைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிஸ்டலுக்கு அவ்வளவு போதாது.

பொழியூர்க் கடற்கரை அருகில் இருப்பதால் உப்புக்காற்றையும், ஆண்டில் இரு பருவமழைகளின் ஈரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எனவே துப்பாக்கியை அதிலேயே நிரந்தரமாக வைக்கலாகாது.

எல்லைவாசிகள் மறக்கக் கூடாதது, உரிமம் செல்லுபடியாகும் பகுதி. கேரளத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமத்துடன் மார்த்தாண்டத்தில் உறவினர் திருமணத்துக்குத் துப்பாக்கி கொண்டு செல்வது சட்டமீறல். தேர்தல் காலத்தில், மாவட்டத் தேர்வுக்குழு கேட்டுக்கொள்ளும் உரிமதாரர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 19, திருவனந்தபுரத்துக்கு ஏப்ரல் 26 என இரு வேறு நாட்களில் வாக்குப்பதிவு நடந்தது. ஒப்படைக்கும்போது தரப்படும் ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.