கிராமத்துச் சுருதி பியானோவில் ஏறிய கதை

ஐரோப்பிய இசை வரலாற்றில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியை, உணர்ச்சிக்கும் தனிமனிதக் கற்பனைக்கும் முதலிடம் தந்தமை கருதி, ‘ரொமான்டிக்’ காலம் என்பர். நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடங்களில் பியானோ இடம்பிடித்த அக்காலத்தில், சில நிமிடங்களில் வாசித்து முடிக்கத்தக்க சிறு உருப்படிகளுக்குப் பெருந்தேவை எழுந்தது. அவற்றுள் குறும்பும் ஏக்கமும் முரட்டுத்தனமும் மாறிமாறித் தலைகாட்டும் ஒரு வகைக்கு ‘ஹ்யூமரெஸ்க்’ என்று பெயர். செர்மனியின் ராபர்ட் ஷூமன் 1839இல் இப்பெயரில் ஒரு நெடிய படைப்பை எழுதினார். நார்வேயைச் சேர்ந்த எட்வர்ட் கிரீக் 1865இல் எழுதிய நான்கு ஹ்யூமரெஸ்க்குகளோ, அதே பெயரைச் சூடிக்கொண்டு, கூடத்துப் பியானோவுக்குள் மலைநாட்டு நடன இசையைக் கொண்டுவந்து சேர்த்தன.

கிரீக் 1843இல் பெர்கன் துறைமுக நகரில் பிறந்து, ஓலே புல் என்ற புகழ்பெற்ற வயலின் கலைஞரின் பரிந்துரையால் 15ஆம் வயதில் செர்மனியின் லைப்சிக் இசைக்கல்லூரிக்கு அனுப்பப்பட்டவர். படிப்பு முடிந்தபின் அவர் நாடிச் சென்ற கோபன்ஹேகன், தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை கோட்டை கட்டி வணிகம் நடத்திய டேனிய அரசின் தலைநகரம். நார்வே 1814 வரை அந்த முடியரசுக்கும், பின்னர் 1905 வரை சுவீடனின் மன்னருக்கும் கட்டுப்பட்டிருந்த நாடாகையால், தனக்கென ஒரு குரலை இலக்கியத்திலும் இசையிலும் தேடிக்கொண்டிருந்தது. அத்தேடலில் மூழ்கியிருந்தவரும் நார்வேயின் நாட்டுப்பண்ணுக்கு இசையமைத்தவருமான ரிக்கார்ட் நூர்டுராக் என்னும் இளைஞர், கோபன்ஹேகனில் கிரீக்குக்கு நண்பரானார். ஹ்யூமரெஸ்க்குகள் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 23 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

நூர்டுராக் காட்டிய திசையில் கிரீக் கண்டது ஹர்டாங்கர் ஃபிடில் என்னும் நாட்டுப்புற வயலினின் உலகம். வில் படும் நான்கு தந்திகளுக்கு அடியில், வில் படாமலே அதிரும் நான்கைந்து தந்திகள் அதில் உண்டு. தந்திகளைத் தாங்கும் குதிரை தட்டையாக இருப்பதால், மெட்டு ஒரு தந்தியில் ஓட, பக்கத்துத் தந்தி சுருதியாக ஒலித்துக்கொண்டே இருக்கும். நம் தம்புராவில் போலவே ஷட்ஜமும் பஞ்சமமும் அடித்தளமாக நிற்க, மேலே செல்லும் மெட்டு பலமுறை சுத்த மத்தியமத்தை விட்டுக் கல்யாணியின் பிரதி மத்தியமத்தைத் தொடும். இவ்விசைக்கு ஆடப்படும் நடனங்களில், இரண்டு எண்ணிக்கையில் செல்லும் ‘ஹாலிங்’கில், உயரத்தில் கோலில் மாட்டப்பட்ட தொப்பியை ஆடுபவர் துள்ளிக் காலால் தட்டிவிடுவார்; மூன்று எண்ணிக்கையில் செல்லும் ‘ஸ்பிரிங்கார்’, டெலமார்க் பகுதியில், மூன்று அடிகளும் சம நீளத்தில் அமையாத வினோத நடையைக் கொண்டது.

லைப்சிக்கில் கற்பிக்கப்பட்ட இலக்கணத்திலோ, இரு குரல்கள் ஷட்ஜம–பஞ்சம இடைவெளியில் இணையாகச் செல்வது பிழை. தீர்வு காணாத உரசல் ஸ்வரமும் பிழை. இவ்விதிகளை மீற ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தருமபுரி மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும்: அரசவேடம் கட்டியவன் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, கோமாளி என்ற உரிமையில், சபையறியச் சொல்லிவிட்டுப் போவான். ஹ்யூமரெஸ்க் என்ற தலைப்பு இளம் கிரீக்குக்கு அளித்ததும் அத்தகைய உரிமையே. முதல் உருப்படிக்கு வால்ட்ஸ், அதாவது நகரத்துச் சுழல் நடனம், என்று குறிப்பு எழுதியிருந்தாலும் அதன் துள்ளல் கிராமத்து நடனத்தினுடையது. நான்காவதன் தலையில் ‘அல்லா புர்லா’, அதாவது வேடிக்கையாக, என்று இத்தாலிய மொழியில் குறித்திருக்கிறார். வேடிக்கை என்று சொல்லிவிட்டதால் விதிமீறலைக் கேட்பவர் சிரித்துக்கொண்டே ஏற்க இடமிருந்தது. ஏற்றபின் அது மீறலாகவே தோன்றாது.

பியானோவில் கமகம் கிடையாது. சுத்தியல் தந்தியை அடித்தபின் அந்த ஸ்வரத்தை வளைக்கவோ வழுக்கவோ வழியில்லை. ஆகவே முதன்மை ஸ்வரத்துக்குக் கணநேரம் முன்பாகப் பக்கத்துக் கட்டையை உரசிச் செல்லும் சிறு ஒட்டு ஸ்வரங்களாலும், அடுத்தடுத்த இரு கட்டைகளை ஒருசேர அழுத்தும் உரசலாலும், இடக்கையில் இடையறாது ஒலிக்கும் பஞ்சமத்தாலும் வில்லின் சாயலை அவர் உண்டாக்கினார். 1867 முதல் 1901 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 66 ‘லிரிக் பீசஸ்’ உருப்படிகளில் இம்முறைகள் முதிர்ந்திருப்பதைக் காணலாம். நார்வேயின் நாட்டுக்கதைகளில் வரும் ‘டிரோல்’ என்னும் பூதங்களின் அணிவகுப்பு, மணவிழா ஊர்வலம் போலத் தொடங்கும் ‘டிரோல்ட்ஹாகனில் திருமண நாள்’ ஆகியவை இவற்றுள் பெரும்புகழ் பெற்றவை. அணிவகுப்பு வெளிவந்த 1891ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே உள்ள ‘மணியோசை’ என்ற உருப்படி, ஏறத்தாழ முழுவதும் பஞ்சம இடைவெளிகளாலேயே ஆனது. அதில் வேடிக்கை என்ற போர்வைகூட இல்லை. 

இப்பாதையின் கடைசிப் படி 1903இல் வெளிவந்த ‘ஸ்லோட்டர்’. டெலமார்க்கின் முதிய ஹர்டாங்கர் ஃபிடில் கலைஞரான க்னூட் டாலே, தம்மோடு பழைய மெட்டுகள் மறைந்துவிடும் என்று அஞ்சிக் கிரீக்குக்கு எழுதியதன் விளைவாக, வயலின் கலைஞர் யோஹான் ஹால்வர்சன் 1901இல் டாலே வாசிக்கக் கேட்டு 17 மெட்டுகளை ஸ்வரப்படுத்தினார். கிரீக் அவற்றைப் பியானோவுக்கு எழுதியபோது உரசல்களை மழுக்கவில்லை. 1865இல் சிரித்துக்கொண்டே நுழைந்தவை இங்கே தலைநிமிர்ந்து நிற்கின்றன. தாயகத்தில் இத்தொகுப்புக்கு உடனடி வரவேற்பு கிட்டவில்லை. அதைக் கிரீக்கின் மனம் மகிழ வாசித்துக் காட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர் என்ற இளம் பியானோ கலைஞர். ஹால்வர்சனின் வயலின் பிரதியும் கிரீக்கின் பியானோ பிரதியும் ஒரே காலத்தில் அச்சேறின. இரண்டையும் அருகருகே வைத்து, எந்த உரசல் டாலேயின் வில்லில் பிறந்தது, எது கிரீக் சேர்த்தது என்று இசை மாணவர் இன்றும் வரிக்கு வரி பிரித்தறிய முடியும்.