சிறுவர்களின் முதற் கத்திக்கு ஏற்ற பிடி

குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் எட்டு அல்லது ஒன்பது வயதை எட்டுங்கால், கீரை அறுக்கவும், கத்தரிக்காய்க் காம்பை நறுக்கவும், குச்சிகளைச் சீவி விளையாடவும் தமக்கெனக் கத்தி ஒன்று வேண்டுமென்று கேட்பது இயல்பு. அப்பொழுது வீட்டிலுள்ள பழைய கத்திகளுள் தேய்ந்து சிறுத்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவதே பெரும்பான்மையான வழக்கம். அலகு சிறுத்ததேயன்றிப் பிடி சிறுக்கவில்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை. பிள்ளையின் விரலில் வெட்டு விழுந்தால் அலகின் கூர்மையைக் குறை கூறுகிறோம். ஆராய்ந்து பார்ப்பின், கை பிடியில் நிலைத்து நில்லாமையே பல சமயங்களில் அதற்குக் காரணமென்பது விளங்கும். மழுங்கிய கத்தியைக் கொடுப்பதாலும் பயனில்லை. அதைப் பிள்ளை மிகுந்த பலத்துடன் அழுத்த நேர்வதால், கை வழுக்குவதற்கு அதுவே வழியாகின்றது.

நம் வீடுகளில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் முதலில் காண்பது அரிவாள்மனையை. அதில் அலகு அசையாது நிற்க, காயே அலகை நோக்கிச் செல்லும். பிடி என்னும் பேச்சிற்கே அங்கு இடமில்லை. கத்தியிலோ அலகு நகர்கின்றது. அதனை நிறுத்தவும் திருப்பவும் பிடி ஒன்றே துணை. ஆதலால் அரிவாள்மனையில் தேர்ந்த பிள்ளையும் கத்தியைப் பொறுத்தவரை புதியதே என்று கொள்ளல் வேண்டும்.

பிடியின் பருமனை முதலில் கவனிப்போம். பிள்ளை பிடியை இறுக்கி மூடும்போது கட்டைவிரலின் நுனி ஆட்காட்டி விரலின் நகத்தின்மேல் படிய வேண்டும். படியாது இடைவெளி நின்றால் பிடி பருமன். கத்தி கைக்குள் உருளும். கட்டைவிரல் நகத்தைக் கடந்து நெடுந்தூரம் சென்றால் பிடி மெலிது. அதை நிறுத்துவதற்குப் பிள்ளை ஓயாது இறுக்க நேரிட்டு, கை விரைவில் சோர்ந்துவிடும். நீளம், நான்கு விரல்களும் அமர்ந்தபின் ஒரு விரற்கடை மிகுந்திருக்குமாறு அமைதல் நலம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 3½ அங்குலம் போதும். அலகு பிடியினும் சற்றுக் குறைந்து 3 அங்குல அளவில் நிற்பின் கத்தியின் கனம் கைப்பக்கமே தங்கும்.

பிடி முழு உருண்டையாக இருத்தல் கூடாது. கடைச்சலில் கடைந்த உருண்டைப் பிடி பார்வைக்கு அழகியதுதான். ஆனால் கூர் எப்பக்கம் நோக்குகின்றதென்பதை அது கைக்குச் சொல்லாது. முட்டை வடிவாகப் பக்கங்களைத் தட்டையாக்கிய பிடியைப் பற்றியவுடன், கண்ணால் பாராமலே கூரின் திசை உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். கீரைப் பாத்தியில் இலைகளுக்கிடையே கையை விட்டு அறுக்கும் பிள்ளைக்கு இந்த அறிவு இன்றியமையாதது.

இனி, முன்தடுப்பு. ஈரக்கையுடனோ, பப்பாளிப் பால் பட்ட கையுடனோ கத்தியை முன்னோக்கித் தள்ளும்பொழுது, கை பிடியினின்றும் நழுவிக் கூரின்மேல் ஏறுவதே சிறுவர்க்கு நேரும் காயங்களுள் மிகக் கொடியது. விரல்களை மடக்கும் நரம்புகள் அறுபடின் அவை தாமே கூடா. அறுவைச் சிகிச்சை வேண்டியதாகும். பின்லாந்து தேசத்தில் புக்கோ என்னும் சிறு கத்தி பேர்பெற்றது. வழக்கமாக அதற்கு முன்தடுப்பு இல்லை. அங்கே அது பெரிதும் மரம் சீவுவதற்குப் பயன்படுவதால் அக்குறை தோன்றுவதில்லை. அண்டை நாடாகிய சுவீடனில் மோரா என்னும் ஊரில் செய்யப்படும் கத்திகளிலோ, சிறுவர்க்கென அமைத்தவற்றில் விரல்கள் முன்னேறாதபடி தடுப்பு வைத்திருக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கும் தடுப்பு வேண்டுமென்பதே நமது கருத்து. ஆயினும் மேலும் கீழும் நீண்ட குறுக்குத் தடுப்பு வேண்டாம். மேற்பக்கம் நீண்டால், குச்சி சீவுகையில் முதுகின்மேல் கட்டைவிரலை ஊன்ற இடமிராது. கூரின் பக்கம் மட்டும், பிடியின் மரத்திலேயே, கால் அங்குல உயரமுள்ள உதடு ஒன்றைச் செதுக்கிவிட்டால் போதும். பின்முனையிலும் சிறு குமிழ் விடுதல் வேண்டும். ஏனெனில் கீரை அறுக்கும்போது கத்தியைத் தன்பால் இழுக்க, கை பின்னோக்கி நழுவும்.

விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் வெட்டிய பிடிகளைச் சந்தையில் காணலாம். அவற்றை வாங்க வேண்டாம். அப்பள்ளங்கள் ஒருவர் கைக்கே பொருந்தும். அதுவும் ஒரே விதமாகப் பற்றும்போது மட்டுமே. வளர்கின்ற கைக்கு அவை ஓராண்டும் உதவா. வழவழப்பான பிளாஸ்டிக் பிடியும், பிடியுட்பட முழுதும் எஃகாலான கத்தியும் நனைந்தால் வழுக்கும். பிடியின்மேல் துணியோ கயிறோ சுற்றுவது ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் தளர்ந்துவிடும்.

பிடியை அலகுடன் பொருத்தும் முறை இரண்டு. எஃகின் இருபுறமும் மரத்தட்டு வைத்துத் தறைவது ஒன்று. அலகின் வாலை மரத்துள் செருகிப் பூண் இடுவது மற்றொன்று. முன்னது பலமானதே, ஐயமில்லை; விறகு பிளக்கும் கத்திக்கு அதுவே தக்கது. ஆனால் அதில் எஃகின் அகலமே பிடியின் உயரத்தை நிர்ணயிப்பதால், சிறு கைக்கு வேண்டுமளவு இழைத்துக் குறைக்க இயலாது. தட்டுக்களின் இடையே சேறும் நீரும் தங்கித் துருவும் ஏறும். வால் செருகிய பிடியையோ கைக்கு வேண்டியவாறு இழைத்துக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்தபின் அலகை வைத்துக்கொண்டு பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிறுவர் கத்திக்கு இதனையே நாம் சிபாரிசு செய்கிறோம்.

மரத்திற்குக் கருவேலம், பூவரசு, கொய்யா, புளியின் வயிரம் ஆகியவற்றுள் எளிதில் கிடைப்பதைக் கொள்ளலாம். எதுவாயினும் நிழலில் நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். பச்சை மரம் பின்னர்ச் சுருங்கிப் பூண் கழன்றுவிடும்; ஆடுகின்ற பிடியைவிடப் பிடியில்லாத கத்தியே மேல் எனலாம். வால், பிடியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கேனும் உட்செல்ல வேண்டும். கொல்லர் வாலைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் இறக்கும்போது, அலகை ஈரத்துணியால் சுற்றியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்க. அலகில் நீலநிறம் ஓடிவிட்டால் அவ்விடத்தில் பதம் போயிற்று. துளையை அரக்கால் நிரப்புவது பழைய முறை. இக்காலத்தில் எபாக்சிப் பசையையும் பயன்படுத்துகின்றனர். பசை வலியது, ஆனால் பிடியை மாற்றும் காலத்தில் அரக்கே எளிதில் விட்டுக்கொடுக்கும். மேற்பூச்சு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் மரத்தில் ஊறி உலர்ந்து இறுகும். தேங்காய் எண்ணெய் அவ்வாறு உலராது. பின்குமிழில் மட்டும் சிவப்பு வர்ணம் தீட்டினால், புல்லில் விழுந்த கத்தி எளிதிற் கண்ணிற்படும்.

பிடியைச் செய்யச் சொல்லுமுன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கல்யாண முருங்கையின் மெல்லிய மரத்தில் வெவ்வேறு பருமனில் மூன்று கட்டைகளைப் பிடியின் வடிவாகச் செதுக்கி, அலகின்றியே பிள்ளையிடம் கொடுங்கள். கையை நனைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முனையையும் சுவரில் ஊன்றிப் பலமாகத் தள்ளச் சொல்லுங்கள். எதில் கை முன்னேறவில்லையோ, எதைப் பற்றுகையில் பிள்ளை முகம் சுளிக்கவில்லையோ, அதுவே அளவு. இடக்கை வழக்கமுள்ள பிள்ளையாயின் இடக்கையாலேயே சோதிக்கவும். இருபக்கமும் ஒத்த முட்டை வடிவப் பிடி எக்கைக்கும் பொருந்தும்.

நிற்க. இக்கத்தி கைப்பழக்கத்திற்கேயன்றிக் கூலிவேலைக்கு அன்று. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பெற்றபின், 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அமர்த்துதல் பொதுவாகக் குற்றமாகும். பள்ளி நேரம் போக, விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் வீட்டாருக்கு உதவுவதற்கு விலக்கு உண்டு.

ஆண்டுதோறும் பொங்கலுக்குக் கருவிகளைத் துடைக்கும்போது, மேற்கூறிய விரல் அளவையை மறுபடியும் பாருங்கள். கட்டைவிரல் நகத்தைக் கடந்து நீண்டிருப்பின் பழைய பிடியைக் கழற்றும் காலம் வந்துவிட்டது. அரக்கிட்டதாயின் பிடியைச் சிறிது சூடாக்கினால் கழன்றுவிடும். அலகைத் துணியால் சுற்றிக்கொண்டு இழுக்கவும்.